நெட்டையனைக் கொடுத்தவன்

கோபம் என்றால் இப்படியும் ஒரு கோபமா என்று அயலட்டைச் சனம் மூக்கில் விரல் வைத்த கோபம் அது. தர்சனும் சிந்துஜனும் மூன்று வருடமாக ஒரு சொல் கதைத்ததில்லை. அன்புவழிபுரத்தில் சிந்துஜனின் தாய் வீட்டுப் படலையைத் தர்சன் திறந்தால், சிந்துஜன் பின்கதவால் கிணற்றடிக்குப் போய், இல்லாத அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிக்கொண்டு நிற்பான். வந்தவன் போகுமட்டும் அந்தக் கையில் அழுக்குப் போகாது. சாப்பாடு என்றால் ஒருவனுக்கு விறாந்தையில், மற்றவனுக்குக் குசினியில். நடுவில் கிடந்து உலைந்தவள் கௌசிகா. அவள் ஒருவனுக்கு அக்கா, மற்றவனுக்கு மனைவி.

இத்தனைக்கும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, ஒரே உதைபந்தாட்ட அணி. வாய்க்கு வாய் மச்சான், மச்சான் என்று உயிரை விட்டவர்கள். தர்சன் உண்மையாகவே மச்சான் ஆன நாளோடு அந்தச் சொல் நின்றுபோயிற்று. சிந்துஜன் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டுக்கு வந்துபோன கூட்டாளிகள் எல்லோருக்கும் கௌசிகா அக்காதான். அவளுக்கு ஒரு வயது இளையவனான தர்சனும், "அக்கா, தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டு வாங்கிக் குடித்தவன்தான். பிறகு அவனும் கௌசிகாவும் விரும்பினார்கள். திருகோணமலை முழுக்கத் தெரிந்த பிறகு, கடைசி ஆளாகத்தான் சிந்துஜனுக்குத் தெரியவந்தது. கல்யாணத்துக்கு அவன் குறுக்கே நிற்கவில்லை. பெண்ணின் தம்பி என்ற முறையில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, செம்பில் தண்ணீர் எடுத்துத் தர்சனின் காலைக் கழுவிவிட்டான். எல்லாம் முறைப்படி செய்தான். அன்றைக்கு மூடிய வாய்தான்.

வாயைத் திறந்து நாலு கெட்ட வார்த்தை பேசிச் சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. எதையும் நேரே சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வேறு எதையாவது செய்துவைப்பார்கள், மற்றவன் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள், அது 'ஓர்ஸ் ஹில் லீக்'. கொரோனாவில் ஊர் அடங்கிக் கிடந்தபோது கிண்ணியா பாயிஸ் தொடங்கிவைத்த விளையாட்டு. இங்கிலாந்தில் பந்தடிக்கும் உண்மையான ஆட்டக்காரர்களை இங்கே எட்டுப் பேர் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். ஒருவன் எடுத்த ஆள் இன்னொருவனுக்கு இல்லை. அங்கே அந்த ஆள் கோல் அடித்தால் இங்கே எடுத்தவனுக்குப் புள்ளி ஏறும். எல்லாம் போனில், ஒரு அப்பில் நடக்கும். இரண்டு பேர் மனமொத்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். வில்லங்கம் முழுக்க அந்த மாற்றில்தான் இருந்தது.

முதல் வருடமே பாயிசும் அவனுடைய மச்சான் ஹஸ்மியும் சேர்ந்து கள்ளவேலை பார்த்தார்கள். ஹஸ்மியின் டீம் அடிமட்டத்தில் கிடந்தது. இனித் தேறாது என்று கண்டதும், தன் நல்ல ஆட்களையெல்லாம் பாயிசின் உதவாக்கரைகளுக்கு மாற்றிக் கொடுத்தான். பாயிஸ் முதலாவதாக வந்தான். ஹஸ்மிக்குக் கிடைத்தது ஒரு மாட்டிறைச்சிப் பிரியாணி. அந்தப் பிரியாணியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்காவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாமல் போயிருக்கும். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் டீம் இல்லாத ஒருவர் நடுவராக வேண்டும் என்று சொல்லி, கௌசிகாவைத் தலைவியாக்கினார்கள்.

அவள் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கோப்புப் பார்க்கும் வேலை செய்பவள். கோட்டுக்கு அங்கால் ஒரு அங்குலம் போகமாட்டாள், மற்றவரையும் போகவிடமாட்டாள். லீக்குக்கும் கந்தோர்த் தமிழில் விதி எழுதினாள். ஒருபக்கம் சாய்ந்த மாற்றை அவள் ரத்துச் செய்வாள். தொடர்ந்து ஐந்து கிழமை கை வைக்காத டீம் கலைக்கப்படும், அதிலிருக்கும் ஆட்களை மற்றவர்கள் முறைவைத்து எடுக்கலாம். பாயிசின் வெற்றியைப் பறித்த முதல் தீர்ப்பே அவள் எழுதியதுதான். அந்தப் பிரியாணியை அவன் மறக்கவில்லை.

இந்த முறை சீட்டில் முதலாவதாக ஆள் எடுக்கும் வாய்ப்புச் சிந்துஜனுக்கு விழுந்தது. அவன் நெட்டையனை எடுத்தான். ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இவர்கள் வைத்த பட்டப்பெயர்கள்தான் இவர்களுக்குப் பெயர். நெட்டையன் என்பவன் எந்தப் பக்கத்தால் பந்து வந்தாலும் தலையைக் கொடுத்துக் கோலாக்கும் ஒரு பேய். அவனைத் தனக்கு எடுக்கவேண்டும் என்று தர்சன் வருடாவருடம் கனவு கண்டவன். அன்று எல்லோரும் கூடியிருந்து சீட்டுக் குலுக்கிய இடத்தில் தர்சன் முகம் செத்துப்போனதைச் சிந்துஜன் ஓரக்கண்ணால் பார்த்ததையும், பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பியதையும் கௌசிகா கண்டாள்.

புரட்டாதியில் ஒரு நாள் அப்பில் ஒரு மாற்று வந்து விழுந்தது. சிந்துஜன் நெட்டையனைத் தர்சனுக்குக் கொடுக்கிறான். பதிலுக்குக் கேட்டது, காலில் அடிபட்டுத் தை மாதம் வரைக்கும் விளையாடமுடியாத ஒரு பின்வரிசைக்காரனை. வாழைத்தண்டு என்று பட்டம், தொட்டால் முறிவான். துறைமுகத்தில் இழுவைப் படகு வேலையில் நின்ற தர்சன், கண்ட கையோடு சம்மதம் என்று அமத்திவிட்டான். அவனுக்கு நெட்டையன் வந்த சந்தோசம் பாதி, மூன்று வருடத்துக்குப் பிறகு சிந்துஜனிடமிருந்து ஒன்று வந்ததே என்ற சந்தோசம் மீதி. வேலை முடிந்து வந்தவன் குசினியில் நின்ற கௌசிகாவிடம் போனை நீட்டிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் சிரித்தான்.

அதற்குள் குரூப்பில் நெருப்புப் பற்றிவிட்டது. மச்சான்மார் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றான் ஒருவன். கோபம் எல்லாம் நடிப்பு, இது லீக்கைத் தூக்கப் போட்ட குடும்பத் திட்டம் என்றான் இன்னொருவன். கடைசியில் பாயிஸ் எழுதினான்.

"தலைவி, எங்கட பிரியாணிக்கு ஒரு சட்டம், உங்கட வீட்டுச் சோத்துக்கு இன்னொரு சட்டமோ?"

அந்த ஒரு வரி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் நேர்மை கெட்டவள் என்று ஒருவர் சொன்னால் சாப்பாடு இறங்காத பிறவி அவள். தம்பி சமாதானத்துக்கு வருகிறான் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை, நன்றாகவே விளங்கியது. ஆனாலும் கட்டின புருசனுக்காக வளைந்தாள் என்று ஆறு பேர் சொல்லிச் சிரிப்பதை நினைக்க, வாழைத்தண்டுக்கு நெட்டையனைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை என்பது மட்டும்தான் மனதில் நின்றது. எழுதிவிட்டாள்: "இம்மாற்று ஒருபக்கச் சார்பானது. எனவே நிராகரிக்கப்படுகிறது. தம்பிக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் இந்த லீக்கில் இல்லை."

கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஓய்ந்த பிறகு சிந்துஜன் பதில் போட்டான்.

"சரி அக்கா. நீங்கள் சொன்னா சரி."

தர்சன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "அவன் மூண்டு வருசத்துக்குப் பிறகு கை நீட்டினவன், கௌசி," என்றான்.

"நீட்டுறதெண்டா வீட்டு வாசலுக்கு வந்து நீட்டட்டும். லீக்குக்குள்ள என்ன?" என்றாள் அவள்.

வீட்டு வாசலுக்கு அவன் வரவில்லை. அடுத்த கிழமை, திரியாயில் ஒருவரின் தண்ணீர்ப் பம்பைத் திருத்தப் போவதாகத் தாய் பூரணியிடம் சொல்லிவிட்டு ஒரு சின்னப் பையோடு வெளிக்கிட்டான். படகு எஞ்சின் திருத்துவதுதான் அவன் தொழில் என்பதால் தாயும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு போன் வேலை செய்யவில்லை. திரியாயில் விசாரித்தால் அப்படி ஒரு ஆள் அங்கே வரவே இல்லை.

விசயத்தைக் கொண்டுவந்தவன் பாயிஸ். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, உள்ளே வராமல் படலையைப் பிடித்தபடி நின்றான். ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகு ஒன்று களவாக ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்து சமுத்திரத்தில் தூரத்தில் கிடக்கிற பிரெஞ்சுத் தீவுக்குப் போயிருக்கிறதாம். எஞ்சின் பார்க்கத் தெரிந்த ஒரு டவுன் பெடியன் அதில் இருக்கிறானாம். பெயர் தெரியாது என்று சொன்னான். சொல்லும்போது அவன் காலில் கிடந்தது சிந்துஜனின் பந்தடிக்கிற சப்பாத்து. போன மாதம், தனக்குக் கடிக்கிறது என்று சொல்லிக் கொடுத்தவனாம்.

அப்போதுதான் கௌசிகாவுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓடக் கொடுத்திருக்கிறான். அம்மாவின் கிணற்று மோட்டரைக் கழற்றிப் புதுசு போலப் பூட்டியிருக்கிறான். குசினிக் கூரையில் ஒழுகின இடத்தை, மழைக்கு இன்னும் நாள் கிடக்கும்போதே அடைத்திருக்கிறான். இந்த ஊரில் வெளிநாடு போகிறவன் ஒருவரிடமும் சொல்லிக்கொண்டு போகமாட்டான். சொன்னால் கண்ணூறு பட்டுப் பயணம் குழம்பிவிடும் என்று பயம், போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய் திறப்பான். சொல்லாமலே எல்லோருக்கும் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டான். தர்சன் வீட்டுப் படியை மிதிக்க ரோசம் விடவில்லை. ஆகவே தர்சனுக்கு உரியதை லீக்கில் கொடுத்தான். தன்னிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்தான். அதைத்தான் அவள் கந்தோர்த் தமிழில் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"பாவி, என்ன செய்தனான்," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தர்சன் கையைப் பிடித்துத் தடுத்தான். ஆனால் நீ செய்ததில் பிழை இல்லை என்று அவன் சொல்லவில்லை. அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

பிறகு காத்திருப்பதே வேலையாயிற்று. பொலிசில் எழுதிக் கொடுத்தார்கள். கூடப் போனவர்களின் வீடுகளைத் தேடிப் போனார்கள். அங்கேயும் இதே முகங்கள், இதே கேள்வி. பூரணி மட்டும் தளரவில்லை. போய்ச் சேர்ந்தவுடன் போன் எடுப்பான், அங்கே பிடித்து வைத்தால் போனைப் பறித்துவிடுவார்களாம், ஆறுதலாகத்தான் எடுப்பான் என்று வந்தவர்களுக்கெல்லாம் அவளே ஆறுதல் சொன்னாள். அவள் சொல்வதைக் கேட்டுக் கௌசிகா தலையாட்டுவாள், வீட்டுக்கு வந்து குப்புறக் கிடந்து அழுவாள்.

லீக்கில் சிந்துஜனின் டீம் அப்படியே கிடந்தது. அதன் கோல்கீப்பருக்கு ஒரு ஆட்டத்தில் கை முறிந்துவிட்டது. மாற்றிவிடச் சிந்துஜன் இல்லாமல், கிழமைக்குக் கிழமை அந்தக் கை முறிந்தவன்தான் அவனுடைய கோலைக் காத்துக்கொண்டு நின்றான். ஆனால் நெட்டையனுக்கு இதெல்லாம் தெரியுமா? அவன் பாட்டில் அங்கே தலையால் முட்டி முட்டிக் கோல் அடித்தான். சொந்தக்காரன் இல்லாத டீம் கீழேயிருந்து ஏறி ஏறி முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமைகளில் அப்பைத் திறந்து அந்தப் பெயரை முதலாவதாகக் காணும்போது கௌசிகா உடனே மூடிவிடுவாள்.

ஐந்து கிழமை கடந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மழை தொடங்கிய பிறகு, பாக்கியரத்தினம் என்ற வயதில் மூத்த ஒருவர், நல்ல மனிதர், மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். மனவருத்தம் விளங்குகிறது, ஆனாலும் விதிப்படி அந்த டீமை என்ன செய்வது என்று தலைவி ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்றார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பொறுங்கள் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் ஏழு பேரும் பொறுத்திருப்பார்கள். அவளால் எழுத ஏலவில்லை. இப்போது தம்பிக்காக விதியை வளைத்தால், அன்றைக்கு எதற்காக அவன் நீட்டியதைத் தட்டிவிட்டாள்? அப்போது வளையாதது இப்போது வளைந்தால் அன்றைக்குச் செய்தது வெறும் வீம்பு என்றாகிவிடும். ஆகவே கல்லைப்போல் எழுதினாள்: வரும் சனிக்கிழமை முதல் ஆட்டம் தொடங்குமுன் அந்த டீமில் கை வைக்கப்படாவிட்டால் அது கலைக்கப்படும். எழுதிவிட்டுக் கந்தோர்க் கழிவறையில் போய் நின்று, ஆட்கள் கேட்காதபடி அழுதாள்.

சனிக்கிழமை பின்னேரம் தர்சன் வேலையில். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கி, இனி மாற்றமுடியாதபடி டீம்கள் பூட்டப்பட்டதும், கலைப்பதற்காக அவள் அப்பைத் திறந்தாள். சிந்துஜனின் டீமைத் தொட்டாள்.

கை முறிந்தவன் கோலில் இல்லை. வாங்கில் கிடந்த மற்றக் கோல்கீப்பர் அந்த இடத்தில் நின்றான்.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மூடித் திறந்து பார்த்தாள். திரும்பவும் அதே ஆள் நின்றான். பிறகு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு முகாமில், யாரோ ஒருவனுடைய போனை இரந்து வாங்கி, கிடைத்த நேரத்தில் டீமைத் தொட்டிருக்கிறான். அக்காவோடு கோபம், ஆகவே போன் எடுக்கமாட்டான், எழுதவும் மாட்டான். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே, சொல்லாமல் செய்துகாட்டியிருக்கிறான். அவளுக்கு அது வேதவாக்கு மாதிரி இருந்தது. தர்சனுக்குப் போன் அடித்தாள். படகு ஓடும்போது அவன் போனைத் தூக்குவதில்லை. மழைச் சட்டையும் போடாமல் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு அன்புவழிபுரம் போனாள்.

பூரணி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "அம்மா, தம்பி இருக்கிறான், இண்டைக்கு டீமை மாத்தியிருக்கிறான்," என்று கௌசிகா சொல்லி முடிக்குமுன், அந்த மனுசி திருவலையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இவ்வளவு நாளும் ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன வாயிலிருந்து அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவளும் நம்பாமல்தான் இருந்திருக்கிறாள். அழுது முடிய எழும்பி, நனைந்துகொண்டே பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். வரும் வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் அயல் சனம் கூடிவிட்டது. இருக்கக் கதிரை காணாமல் பாய் போட்டார்கள்.

தர்சன் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தபோது பூரணி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவன் முகத்தைக் கௌசிகா பார்த்தாள். சந்தோசப்பட்ட முகம் இல்லை அது. அவன் பின்பக்கம் போனான். அவள் பின்னால் போனாள்.

கிணற்றடியில், மழையில், அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் கௌசி."

"என்ன நீதான்?"

"கோல்கீப்பரை மாத்தினது நான். மத்தியானம் படகில இருந்து மாத்தினனான்."

வெளியில் அவனை நீங்கள் என்பாள். வீட்டுக்குள் இன்னும் பழைய நீ தான். இப்போது இரண்டும் வரவில்லை. அவன் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனான். அந்தக் கணக்கைச் சிந்துஜனுக்குத் திறந்து கொடுத்ததே அவன்தான், கொரோனாக் காலத்தில். இரண்டு பேரும் பள்ளிக்கூட அணியில் போட்ட ஜேர்சி இலக்கங்களைச் சேர்த்துப் பாஸ்வேர்ட் வைத்தவர்கள். மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் அடித்துப் பார்த்தானாம். திறந்துவிட்டது.

"மூண்டு வருசமா என்னோட கதைக்கேல்ல. பாஸ்வேர்ட்டை மாத்தேல்ல, கௌசி," என்றான். "டீம் கலைஞ்சா அவன்ர ஆக்களை எல்லாரும் பிரிச்செடுப்பாங்கள். செத்தவன்ர சாமான் பிரிக்கிற மாதிரி. அதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியோ?"

விட்டிருக்கமாட்டாள். கள்ளத்தனம் என்று சொல்லி அன்றைக்கே டீமைக் கலைத்திருப்பாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பயந்து ஒளித்துச் செய்ததைத்தான், தம்பியின் உயிர் என்று தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க ஓடி வந்திருக்கிறாள். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். சிந்துஜன் இரண்டாம் முறையும் போனதுபோல இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் உள்ளே போனாள். அயல் சனம் கலைந்திருந்தது. பூரணி அவளைக் கண்டதும் துவாயை எடுத்து, சின்ன வயதில் செய்தமாதிரித் தலையைத் துவட்டிவிட்டாள்.

"வேற ஆர் வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டன் பிள்ளை," என்றாள். "நீயெண்டபடியாத்தான் நம்பினனான். நீ ஒண்டைச் சரியா அறியாமச் சொல்லமாட்டாய்."

பிறந்ததிலிருந்து கட்டிக் காத்த நேர்மை அவ்வளவும் சேர்ந்து அந்த ஒரு பொய்க்குச் சாட்சியாக நின்றது. "ஓம் அம்மா," என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் லீக்குக்கு அவள் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை கந்தோர்த் தமிழ் வரவில்லை. டீமில் கை வைத்தது தம்பி இல்லை, தர்சன். இது சுத்தமான கூட்டுக் களவு. விதிப்படி நான் அந்த டீமைக் கலைக்கவேணும், கலைக்கமாட்டன். அம்மாவுக்கு உண்மையைச் சொல்லவேணும், அதையும் சொல்லமாட்டன். புரட்டாதியில நான் மறிச்ச மாற்றை இப்ப விடப்போறன். நியாயமில்லை எண்டு நினைக்கிற ஆள் சொல்லுங்கோ, நான் தலைவி வேலையை விட்டிடுறன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு போன் ஒருமுறை அதிர்ந்தது. பாயிஸ். தலைவி என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி அவளைக் கூப்பிட்டறியாதவன், இரண்டே சொல் எழுதியிருந்தான்.

"சரி அக்கா."

அடுத்தது ஹஸ்மி, அதே இரண்டு சொல். பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். அவளைவிட இருபது வயது மூத்த பாக்கியரத்தினமும் அதையே எழுதினார். அந்தச் சொல்லை அவளுக்குக் கடைசியாக எழுதியவன் யார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், ஆட்டம் தொடங்குமுன், கௌசிகாவும் தர்சனும் அன்புவழிபுரம் போனார்கள். விறாந்தையில் அருகருகே இருந்து, அவன் தன் கணக்கிலிருந்து பழைய மாற்றைத் திரும்பவும் அனுப்பினான். அவள் ஜேர்சி இலக்கங்களை அடித்துச் சிந்துஜனின் கணக்கைத் திறந்தாள். நெட்டையனைக் கொடுத்து வாழைத்தண்டை எடுக்கச் சம்மதமா, யோசித்துச் சொல், பிறகு மாற்ற முடியாது என்று அப் கேட்டது. விரலை வைக்க அவளுக்கு நேரம் எடுத்தது. பிறகு அமத்தினாள். தர்சனின் டீமில் நெட்டையன் வந்து நின்றான். தர்சன் அவனைத் தொட்டு, ஆட விடாமல், ஓர வாங்கில் கொண்டுபோய் இருத்தினான். வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றான்.

உள்ளேயிருந்து பூரணி தேத்தண்ணியோடு வந்தாள். கிழமை முழுக்க இந்தச் சனிக்கிழமைக்காக அவள் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது.

"தம்பி இண்டைக்கு என்னவாவது செய்தவனோ?"

"ஓம் அம்மா. நெட்டையனைத் தர்சனுக்குக் குடுத்திட்டான்."

"ஆரது நெட்டையன்?"

"அவனிட்ட இருந்ததில நல்லது, அம்மா."

பூரணி தட்டத்தைக் கதிரையில் வைத்தாள். மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பந்தும் தெரியாது, லீக்கும் தெரியாது, ஆனால் பெற்ற பிள்ளையை அவளுக்குத் தெரியும்.

"அப்ப கோவம் ஆறிட்டுது," என்றாள்.

"ஓம் அம்மா," என்றாள் கௌசிகா. "கோவம் ஆறித்தான் போனவன்."

சொல்லிவிட்டு எழும்பி, பின்கதவால் கிணற்றடிக்குப் போனாள். வாளியில் தண்ணீர் அள்ளி வைத்துக்கொண்டு, இல்லாத அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். தேத்தண்ணி ஆறுகிறது என்று தாய் இரண்டு தரம் கூப்பிட்டாள். அவள் கழுவி முடிக்கவில்லை.